நல்ல பல்லை ஏன் அராவ வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பல் மருத்துவரான என்னிடம் வந்தார். முந்திரி ஆலையில் வேலை. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இல்லை. பிடுங்கி ஆறு வருடம் ஆகிறது என்றார். அவர் வந்தது அதற்காக இல்லை, இடது பக்கம் வலிக்கிறது என்று. ஆறு வருடமாக மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சோறும் எல்லாம் அந்த இடது பக்கம்தான் அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்து வேலையை ஒரே பக்கம் செய்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இடைவெளிக்குப் பின்னால் இருந்த பல் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த பல், கடிக்கக் கீழே எதுவும் கிடைக்காததால், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தப் பள்ளத்துக்குள் வந்திருந்தது. பிடுங்கிய இடத்தில் எலும்பும் ஒடுங்கிப்போயிருந்தது. ஒரு பல் போனால் ஒரு பல்தானே என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பக்கத்துப் பல், எதிர்ப் பல், அடியில் இருக்கும் எலும்பு எல்லாம் ஒன்றையொன்று தாங்கித்தான் தன் தன் இடத்தில் நிற்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை மெதுவாக நகர ஆரம்பிக்கும். வலிக்காது, அதனால் தெரியாது.

பிரிட்ஜ் போடலாம் என்று சொன்னேன். நம் ஊரில் இதைப் 'பல் கட்டுவது' என்பார்கள். இல்லாத பல்லுக்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு பற்களையும் சுற்றி அராவி, அவற்றின் மேல் தொப்பி மாதிரி கேப் மாட்டி, நடுவில் இல்லாத பல்லையும் சேர்த்து மூன்றும் ஒரே துண்டாகச் செய்து ஒட்டுவது. நடுவில் நிற்கிற பல்லுக்கு வேர் கிடையாது. அது ஈறை லேசாகத் தொட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பற்களின் பலத்தில் நிற்கும். கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லா இருக்கிற பல்லையா அராவப் போறீங்க? அது பாவம்லா டாக்டரே?"

எத்தனையோ பேர் பிரிட்ஜ் போட வருகிறார்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் முடியும், மகள் கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்குமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பல்லின் மேல் இருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது. கேப் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை எடுக்கிறோம். அதாவது இல்லாத ஒரு பல்லுக்காக இருக்கிற இரண்டு பற்கள் கொடுக்கிற விலை அது. அந்த விலை தகுமா என்று ஒவ்வொரு வாயையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே பெரிதாக அடைத்தவை, அல்லது வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்தவை என்றால், எப்படியும் அவற்றுக்குக் கேப் போடத்தான் வேண்டியிருக்கும். அங்கே பிரிட்ஜ் நல்ல வழி. இருபத்திரண்டு வயதுப் பையன், பைக்கில் விழுந்து முன்பல் போய்விட்டது, பக்கத்துப் பற்கள் இரண்டும் கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன என்றால் நான் அராவத் தயங்குவேன். அவருக்கு மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் மெல்லிய இறக்கை மாதிரி ஒட்டி நிறுத்துவது. அராவுவது மிகக் குறைவு. கடைவாயில் விழும் பாரத்தை அது தாங்காது, முன்பல்லுக்குச் சரி. இல்லையென்றால் இம்பிளாண்ட். தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு ஒன்றை வைத்து, அது எலும்போடு சேர்ந்து பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்து, அதன் மேல் பல் வைப்பது. சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் பிரானெமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். பக்கத்துப் பற்களைத் தொடவே வேண்டாம் என்பது இதன் பெரிய நன்மை. செலவு கூடுதல், எலும்பும் போதுமான அளவு இருக்க வேண்டும். கழற்றி மாட்டுகிற பல்லும் இருக்கிறது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பணம் இப்போது இல்லையென்றால் இடைவெளியைச் சும்மா விடுவதைவிட அது மேல்.

விபத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கோ வளர்ந்த பிள்ளைகளுக்கோ பல் வேரோடு தெறித்து விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்து, பச்சைப் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் அதே பல்லைத் திரும்ப வைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டு மறுநாள் கொண்டுவருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு மிகவும் கஷ்டப்படும்.

சரி, பிரிட்ஜுக்கு வருவோம். திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலத்தை நம்மில் பெரும்பாலோர் நடந்து கடந்திருப்போம். 1966இல் கட்டி முடித்தது. 28 தூண்கள், உயரமான இடத்தில் 115 அடி. மேலே நின்று பறளியாற்றைப் பார்ப்போம், காற்று வாங்குவோம், போட்டோ எடுப்போம். தொட்டியில் ஓடுகிற தண்ணீரின் பாரம் முழுவதும் அந்தத் தூண்கள் வழியாக மண்ணில் இறங்குகிறது என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. நடுவில் நாலு தூணை எடுத்துவிட்டு, மீதியை வைத்துச் சமாளித்துக்கொள் என்று எந்தப் பொறியாளரிடமாவது சொல்ல முடியுமா? ஆனால் பல் மருத்துவரிடம் சொல்கிறார்கள். நான் ஒருமுறை அதற்குச் சம்மதித்தும் இருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியர் வந்தார். வரிசையாக மூன்று பற்கள் இல்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு பல். கழற்றி மாட்டும் பல் வேண்டாம், வகுப்பில் பேசும்போது கழன்றால் மானம் போய்விடும், நிலையாகக் கட்டித் தா என்று கெஞ்சினார். ஏந்துகிற பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று 1926லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆண்டே விதி என்று அதற்குப் பெயர். எனக்குத் தெரியும், படித்திருந்தேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து மனம் இளகிச் செய்துகொடுத்தேன். நாலு வருடம் நன்றாக இருந்தது. அப்புறம் பின்பக்கத்துத் தூண் ஆட ஆரம்பித்தது, அடுத்து முன்பக்கத்தது. கடைசியில் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று பல் இல்லாமல் வந்தவர் ஐந்து பல் இல்லாமல் போனார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து, தூண் போதாது என்று தெரிந்தால், வந்தவர் எவ்வளவு கேட்டாலும் நான் கட்டுவதில்லை.

தூணின் பலம் வேரில் மட்டும் இல்லை. ஈறும் எலும்பும் சரியாக இருக்க வேண்டும். பல வருடம் முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போட்டவர்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்கள், புகைப்பவர்கள், இவர்களுக்கு ஈறு கீழே இறங்கி, எலும்பு கரைந்து, பல் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே பிடிமானம் குறைந்திருக்கும். அதனால்தான் முதலில் எக்ஸ்ரே எடுக்கிறோம், ஈறைச் சுத்தம் செய்கிறோம், சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறோம். பல் கட்ட வந்தால் ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கோபப்படாதீர்கள்.

பல் பிடுங்கிய இடம் ஆற இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கட்டினால், எலும்பு ஒடுங்கியபின் நடுப்பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சந்து விழும். அதன்பின் வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று வருகையில் முடிந்துவிடும். மரத்துப்போக ஊசி போட்டு அராவுவது, அளவு எடுப்பது, நிறம் பார்ப்பது, அதுவரைக்கும் தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்புவது, கடைசியில் கடி சரிபார்த்து ஒட்டுவது. உலோகத்தின் மேல் பீங்கான் வைத்ததும் இருக்கிறது, சிர்க்கோனியா என்கிற கெட்டியான வெள்ளைப் பொருளில் செய்ததும் இருக்கிறது. பின்னது விலை கூடுதல், பார்வைக்கு அழகு. கடைவாய்க்கு உலோகம் சேர்ந்த பீங்கானே பல வருடம் உழைக்கும். விலை தாங்க முடியாதவர்கள் குலசேகரத்தில் இருக்கிறது போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பாருங்கள். ஆசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நேரம் கொஞ்சம் கூட ஆகும், செலவு குறையும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். திருவிழாக் கடைகளுக்கு நடுவிலும் சந்தை ஓரத்திலும் அரை மணி நேரத்தில் பல் கட்டித் தருபவர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள். பொடியையும் திரவத்தையும் குழைத்து, கம்பியால் பக்கத்துப் பல்லில் கட்டி, வாய்க்குள்ளேயே இறுக விடுகிறார்கள். அது ஈறின் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கழற்றவும் முடியாது, அடியில் சுத்தம் செய்யவும் முடியாது. ஒரு வருடம் கழித்து நாங்கள் அதை வெட்டி எடுக்கும்போது கூடவே இரண்டு நல்ல பல்லும் ஆடிக்கொண்டு வரும். பதிவு பெற்ற பல் மருத்துவர் மட்டும்தான் பல் வைத்தியம் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கட்டியாகிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஓடும். பராமரிக்காவிட்டால் மூன்றே வருடம். பீங்கானுக்குச் சொத்தை வராது, ஆனால் கேப்பும் பல்லும் சேர்கிற விளிம்பில் உள்ளே இருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். நடுப்பல்லின் அடியில் பிரஷ் போகாது. அதற்கு 'சூப்பர் ஃப்ளாஸ்' என்று ஒரு நூல் மருந்துக்கடைகளில் கிடைக்கும். ஒரு நுனி விறைப்பாக இருக்கும், ஊசியில் நூல் கோர்ப்பது போலக் கன்னப் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சு மாதிரி இருக்கிற பகுதியால் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, இரண்டு நிமிடம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும். உமிக்கரியை மட்டும் விட்டுவிடுங்கள். நம் பாட்டாமார் தேய்த்தது உண்மைதான், அது பல்லின் கழுத்தை அரம் போலத் தேய்த்துவிடும். நண்டு ஓடு உடைப்பது, கரும்பு கடிப்பது, பத்து நாள் இருந்து கல்லாகிப்போன முந்திரிக்கொத்தைக் கடிப்பது, இதெல்லாம் கட்டிய பல்லில் வேண்டாம்.

பிரிட்ஜ் லேசாக ஆடுவது போலவோ, வாய் நாறுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். வேர் சிகிச்சை செய்த பல் உள்ளே அழுகினாலும் வலிக்காது.

அந்த முந்திரி ஆலைப் பெண் அன்று ஒன்றும் முடிவு சொல்லாமல் போனார். இரண்டு மாதம் கழித்து வந்தார். அவர் பக்கத்துப் பற்கள் இரண்டும் முன்பே அடைத்தவை, அதனால் பிரிட்ஜ் அவருக்குப் பொருந்தியது. இறங்கிய மேல்பல்லைக் கொஞ்சம் மட்டப்படுத்திவிட்டுக் கட்டினோம்.

ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்தபோது ஆறரை வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பிள்ளைக்குக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பல் முளைத்திருந்தது. அம்மா அதையும் பால்பல் என்றுதான் நினைத்திருந்தார், விழுந்து முளைக்கும் என்று. இல்லை, ஆறு வயதில் வரும் இந்தக் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல், விழுந்தால் வேறு வராது, உங்களுக்குப் போனதும் இதே பல்தான் என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். பல்லின் மேல் பள்ளங்களில் கறுப்பு விழ ஆரம்பித்திருந்தது. ஊசி எதுவும் இல்லாமல் அந்தப் பள்ளங்களை மட்டும் சுத்தம் செய்து அடைத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. அம்மா பக்கத்தில் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "மற்ற மூணு பக்கமும் வந்துட்டா பாருங்க டாக்டரே" என்றார். இரண்டு வந்திருந்தன. ஒன்று ஈறைக் கிழித்துக்கொண்டு அப்போதுதான் எட்டிப் பார்த்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன்.

நன்றி. வணக்கம்.