1:09:41! என் முதல் 10 கிலோமீட்டர் ரேஸ்

வணக்கம் மக்களே! குரல் கம்மியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். மெடல்! நேற்று ஓடி முடித்துவிட்டேன். பன்னிரண்டு வாரமாகக் கூடவே வந்தவர்களுக்கு என் இலக்கு தெரியும்: 1 மணி 10 நிமிடத்துக்குள் 10 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 7 நிமிடம். என் நேரம் 1:09:41. பத்தொன்பது விநாடி மிச்சம்!

ஆனால் ஃபினிஷ் லைனைத் தாண்டும்போது தலைக்கு மேலே இருந்த பெரிய கடிகாரம் என்ன காட்டியது தெரியுமா? 1:13:25. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெடலை யார் கழுத்தில் போட்டார்கள் என்றுகூட நினைவில்லை. கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் போனில் மெசேஜ் வந்தது: சிப் டைம் 1:09:41.

இதை முதல் முறை ஓடுகிறவர்களுக்கு மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கடிகாரம் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து ஓடுகிறது, அது கன் டைம். நான் நின்றதோ கூட்டத்தின் கடைசிப் பகுதியில். நகர்ந்து நகர்ந்து ஸ்டார்ட் லைனை மிதிக்கவே 3 நிமிடம் 44 விநாடி ஆகிவிட்டது. பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிப், தரையில் விரித்திருக்கும் மேட்டை நான் தாண்டும்போதுதான் என் கணக்கைத் தொடங்குகிறது. முன்வரிசையில் ஓடுகிறவர்களுக்குக் கன் டைம் நியாயம்தான், யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவர்தான் ஜெயிக்க வேண்டும். அதிகாரபூர்வ நேரமும் அதுதான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்குச் சிப் டைம்தான் சொந்த நேரம். முடிவுப் பட்டியலில் அதைக் கடைசிக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள், எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆங், பிப் என்றதும் ஞாபகம் வருகிறது, ஊக்கு விஷயத்தைச் சொல்லவே இல்லையே! பிப்பில் நான்கு மூலைக்கும் நான்கு ஓட்டை. எனக்குக் கொடுத்த பையில் இருந்ததோ இரண்டே ஊக்கு. மேலே இரண்டையும் குத்தினால் கீழே காற்றில் படபடவென்று அடிக்கிறது. மடித்துச் செருகலாம் என்றால், சிப் மடங்கினால் நேரமே பதிவாகாமல் போகலாம். விடியற்காலை, கழிவறை வரிசையில் நின்றுகொண்டு எனக்கு இதே கவலை. பின்னால் நின்ற ஒரு அக்கா, நான் கேட்காமலே தன் பையிலிருந்து இரண்டு ஊக்கு எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து எப்போதும் கொண்டுவருவாராம். இனி நானும் அப்படித்தான்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். "மெதுவாகத் தொடங்கு" என்று போன வீடியோவில் அத்தனை பேர் எழுதியிருந்தீர்கள். தொடங்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் பறக்கும்போது கால் தானாகப் பறக்கிறது. முதல் கிலோமீட்டர் 5:58. உடம்பு அதற்கான வட்டியை ஆறாவது கிலோமீட்டரில் கேட்டது, வலது விலாவில் அப்படியொரு பிடிப்பு. வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டது. அதற்குள் 1:10 கொடியோடு ஓடிய பேசர், அதாவது அந்த நேரத்தில் முடிக்கச் சீரான வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர், என்னைத் தாண்டிப் போய்விட்டார். அந்தக் கொடியைக் கண்ணிலிருந்து விடவில்லை, எட்டாவது கிலோமீட்டரில் பிடித்துவிட்டேன். பேசர்கள் தெய்வங்கள்! நாலு பேர் கைகோத்துச் சாலையை அடைத்துக்கொண்டு நடப்பவர்களை மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. நடப்பது தப்பே இல்லை, ஓரமாக நடக்கலாமே.

தண்ணீர்க் கப்பை வாங்கியதும் வாய்ப்பக்கம் அழுத்தி மடித்துவிடுங்கள், ஓடிக்கொண்டே குடிக்கலாம். முதல் கப் முழுக்க என் மூக்கில்தான் போனது.

அப்புறம் வாட்ச். 10.00 என்று காட்டிவிட்டது, ஃபினிஷ் வளைவோ இன்னும் தூரத்தில் நிற்கிறது! முடித்தபோது 10.13. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று கொதித்துப்போனேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், முறைப்படி அளக்கும் பாதையைச் சைக்கிளில் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவியை மாட்டி, திருப்பங்களில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் ஓட்டுவார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடவே சேர்ப்பார்கள். நான் அந்தக் கோட்டிலா ஓடினேன்? ஆட்களைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு வளைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறேன். ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் அங்கே இங்கே தாவும். அடுத்த முறை திருப்பம் தெரிந்ததும் உள்பக்கம் ஒதுங்கப்போகிறேன். வாட்சில் சரியாக 7:00 என்று ஓடினால் போதாது, 6:50 காட்ட வேண்டும்.

ஷூ எது என்று கேட்பீர்கள். அதே பழைய பச்சை ஷூதான், கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

ஊக்கு கொடுத்த அக்கா, நீங்கள் இதைப் பார்த்தால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் இரண்டு ஊக்கும் இன்னும் என் பிப்பில்தான் இருக்கின்றன.