சீரியலைச் செம்மைப்படுத்துவது ரசிகர் கருத்தே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஒன்பது மணி சீரியலை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

"இன்றைய சீரியல்களைச் செம்மைப்படுத்துவது ரசிகர்களின் கருத்தா, வாராந்திர ரேட்டிங்கா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கருத்துச் சொல்வது பத்துப் பேர், பார்ப்பது பத்து லட்சம் பேர். அந்தப் பத்து லட்சத்தின் குரல்தான் ரேட்டிங்" என்றார். நல்ல கைதட்டல். சரி, அந்தக் குரல் எப்படிப் பதிவாகிறது என்று பார்ப்போம்.

ரேட்டிங்கை, அதாவது எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கணக்கெடுப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு. இந்தியாவில் 21 கோடி வீடுகளில் டிவி இருப்பதாக 2020இல் சொன்னதும் அந்த அமைப்புதான். பார்ப்பதைப் பதியும் மீட்டர் இருப்பது ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில். ஒலியோடு சேர்ந்து காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று வரும். எந்தச் சேனல், எந்த நிமிடம் என்பதை அதை வைத்தே மீட்டர் பதிந்துகொள்கிறது. வீட்டில் ஆளுக்கொரு பட்டன். டிவி முன்னால் உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடியும் அழுத்த வேண்டும். அழுத்த மறந்து அம்மா குழம்பு கிளறப் போய்விட்டால், மீட்டர் கணக்கில் அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மீட்டர் வைத்த வீடுகளின் எண்ணிக்கை சிறியது என்று நான் வாதாட வரவில்லை. வீடுகளை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் அது போதும். விளம்பரக் கட்டணத்தை முடிவு செய்ய அந்த எண் வேண்டும், இருக்கட்டும். ஆனால் கதையைத் திருத்த வேண்டும் என்றால், எது பிசகியது என்று தெரிய வேண்டாமா? அதை ஒரு எண் எப்படிச் சொல்லும்?

காலத்தையும் பாருங்கள். ரேட்டிங்குக்கு ஒரு வாரம் என்பது சனி முதல் வெள்ளி வரை. அதன் கணக்கு அடுத்த வியாழக்கிழமைதான் வரும். திங்கள் இரவு ஒரு காட்சி சொதப்பினால் கணக்கு கைக்கு வருவது பத்தாம் நாள். திங்கள் முதல் சனி வரை ஓடும் தொடரில், அதற்குள் இன்னும் எட்டு எபிசோடு போயிருக்கும். ரசிகர் கருத்தோ அன்றைக்கு ராத்திரியே வந்துவிடுகிறது, காட்சியைக் குறிப்பிட்டு, காரணத்தோடு.

விஜய் டிவியில் 2019இல் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பாரதி மனைவியைச் சந்தேகப்படுகிறான். தன்னால் அப்பாவாக முடியாது என்று நம்புகிறான், அப்படியிருக்க அவள் வயிற்றில் குழந்தை. பிரிந்துவிடுகிறார்கள். இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒருத்தி அவனிடம், ஒருத்தி இவளிடம் வளர்கிறார்கள். இந்தப் பாரதி யார்? டாக்டர்! பார்த்தவர்கள் முதல் நாளிலிருந்து கேட்டது ஒரே கேள்வி: "ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டியதுதானே?" ஒரு பாட்டிக்குத் தோன்றுவது ஒரு டாக்டருக்குத் தோன்றவில்லை என்றால், அங்கே அந்தப் பாத்திரமே உடைந்துவிட்டது. அந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் வைத்திருக்கலாம். டெஸ்ட்டுக்குப் போக அவன் பயப்படுகிறான், உண்மை தெரிந்தால் தன் கோபத்துக்கே இடமில்லாமல் போய்விடும் என்று தள்ளிப்போடுகிறான் என்று நாலு காட்சி எழுதியிருந்தால் அவன் ஒரு மனிதனாகத் தெரிந்திருப்பான். வருஷக்கணக்காக இழுத்து, கடைசியில் அந்தச் சீரியல் அதே டெஸ்ட்டிடம்தான் வந்து நின்றது.

ரசிகர்கள் அதிகம் திட்டுவது எதை? இழுவையை. அரைமணி நேர எபிசோடில் விளம்பரம் போகக் கதைக்கு 22 நிமிடம் தேறும். அதில் முன்கதைச் சுருக்கமும் டைட்டில் பாட்டும் போகும். மீதியில் கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஓர் உண்மை வெடிக்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று நொடி, அதுவும் மூன்று சுற்று. எட்டு மூன்று இருபத்து நாலு, மூன்று சுற்றுக்கு 72 நொடி. ஒரு வார்த்தை பேசாமல் கிட்டத்தட்ட ஒன்றேகால் நிமிடம் காலி. ஓர் எபிசோடில் இப்படி மூன்று இடம் வந்தால் மூன்றரை நிமிடத்துக்கு மேல் போயே போச்சு. இதை யார் எண்ணிச் சொல்கிறார்கள்? வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மீட்டருக்கு அந்த 72 நொடியும் பார்த்த நொடிதான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர், "திட்டிக்கொண்டேதானே பார்க்கிறார்கள், அப்புறம் என்ன?" என்றார். அய்யா, எங்கள் கட்சியின் வாதத்தையே நீங்கள் எடுத்துப் பேசிவிட்டீர்கள்! ரசித்துப் பார்ப்பவரையும் திட்டிக்கொண்டு பார்ப்பவரையும் மீட்டர் ஒன்றாகத்தான் கூட்டுகிறது. திட்டுகிறவர் ஒருநாள் சேனலை மாற்றும்போதுதான் எண் இறங்கும். அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் காரணத்தைச் சொல்லியிருப்பார்.

விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ சீரியலைப் பற்றி ஜனங்கள் பேசுவதைக் கேளுங்கள். மீனா பூக்கட்டுகிறாள், முத்து கார் ஓட்டுகிறான். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் கணக்கு வழக்கு காட்சியில் தெரிகிறது என்று மனசாரப் பாராட்டுகிறார்கள். அதே வாயால், உண்மையை மறைத்து வாழும் ரோகிணி பாத்திரத்தைப் பற்றி, "ரோகிணி இன்றைக்கு மாட்டுவாள் என்று பிரமோவில் காட்டிவிட்டு, எபிசோடில் போன் மணி அடித்துத் தப்ப விடுகிறீர்களே, எத்தனை தடவை?" என்றும் கேட்கிறார்கள். எது வேண்டும், எது போதும் என்று இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். ரேட்டிங்கில் மீனாவின் பூவுக்கு எவ்வளவு, ரோகிணி தப்பியதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ ஆணாதிக்கத்தைச் சாடிய தொடர். அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். ‘இந்தாம்மா ஏய்’ என்ற அந்தக் குரலைக் கேட்டு எரிச்சலடைந்த பெண்கள்தான் அன்று அவருக்காக அழுதார்கள். பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்று எவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்திருந்தால் அது நடக்கும்! பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தபோது, நடையும் பேச்சும் எங்கெங்கே மாறுகின்றன என்று கூர்ந்து பேசியவர்களும் இவர்களே.

வில்லியாக நடிக்கும் பெண்களை அசிங்கமாகத் திட்டுகிறார்களே என்ற குற்றச்சாட்டு உண்மை. அதை நாங்கள் ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். அது கருத்தில் சேராது, வசவு. கருத்து என்றால் எந்தத் தேதி எபிசோடு, எந்தக் காட்சி என்று இருக்க வேண்டும். போன வாரம் அந்தப் பாத்திரம் என்ன சொன்னது, இந்த வாரம் ஏன் மாறியது என்று கேட்க வேண்டும். பிரமோவை மட்டும் பார்த்துவிட்டுக் கொதிக்கக் கூடாது, எபிசோடு வரட்டும். கதையில் புது டிராக் தொடங்கினால் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். குறை எழுத்திலா, நடிப்பிலா, எடிட்டிங்கிலா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. அழுகைக் காட்சியில் பின்னணி இசை வசனத்தை மூழ்கடித்தால் அந்த நடிகையைக் குறை சொல்லி என்ன பயன்? இப்படிச் சொல்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை வசனகர்த்தா மேசையில் வைத்தால் அடுத்த ஷூட்டிங் ஷெட்யூலுக்குள் திருத்திவிடலாம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ‘பாரதி கண்ணம்மா’ ஓடிய அத்தனை வாரமும் வியாழக்கிழமை வியாழக்கிழமை எண் வந்ததே, அதில் எந்த எண்ணிலாவது "டாக்டருக்கு ஏன் டெஸ்ட் எடுக்கத் தெரியவில்லை" என்று எழுதியிருந்ததா? எடுத்துக் காட்டுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். வணக்கம்.