மிக்-21க்கு ஸ்டெல்த் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்?

அடுத்த கேள்வி. "ரேடாரில் சிக்காத பெயின்ட் இருக்கிறது என்கிறார்களே, நாம் 2025-ல் ஓய்வு கொடுத்த மிக்-21 விமானங்களுக்கு அதை அடித்துவிட்டால் அவையும் ஸ்டெல்த் ஆகிவிடாதா? வெப்பக் கேமராவிலும் தெரியாமல் போகுமா?" ஸ்டெல்த்தும் ஆகாது, வெப்பக் கேமராவிலிருந்து மறையவும் செய்யாது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்படிப்பட்ட பெயின்ட் இருப்பது உண்மை. அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானக் காலத்திலேயே நுண்ணிய இரும்புத் துகள் கலந்த பூச்சு இருந்தது. ரேடார் அலை உள்ளே போனதும் அந்தத் துகள்களின் காந்தத்தன்மை அலையோடு சேர்ந்து ஆடும், அதில் அலையின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக மாறிக் கரையும் (சூடு என்றதும் விமானம் கொதிக்குமோ என்று நினைக்க வேண்டாம், தொலைவிலிருந்து வந்து சேரும் ஆற்றல் ரொம்பச் சொற்பம்). இன்னொரு வழி, தடிமனைக் கணக்குப் பண்ணுவது. பூச்சின் மேலே பட்டுத் திரும்பும் அலையும் அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும், அதற்குத் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அலைநீளம் 3 செ.மீ., கால் பங்கு 7.5 மி.மீ. பூச்சுக்குள் அலை சுருங்குவதால் இன்னும் குறைவாகவே போதும். சரி, 150 மெகாஹெர்ட்ஸ் ரேடார் என்றால்? அலைநீளம் 2 மீட்டர், கால் பங்கு அரை மீட்டர். அவ்வளவு தடிமனுக்கு யார் பெயின்ட் அடிப்பது! 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் சுடப்பட்டபோது, அதை முதலில் பிடித்தது இப்படி நீள அலையில் வேலை செய்யும் பழைய சோவியத் பி-18 ரேடார்தான்.

அதனால் பெரும்பாலான வேலையைச் செய்வது வடிவம், பெயின்ட் மிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. மிக்-21ல் மூக்கிலேயே காற்று உறிஞ்சும் வாய், நட்டுக்குத்தலான வால், இறக்கைக்கு அடியில் தொங்கும் ஏவுகணைகள் என்று எல்லாமே அலையைத் திருப்பி அனுப்பத் தோதானவை. சரி, எப்படியோ பூச்சு போட்டு எதிரொளிப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டோம் என்றே வையுங்கள். ரேடார் கண்டுபிடிக்கும் தூரம் எதிரொளிப்பின் நான்காம் மூலத்துக்கு (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) ஏற்பத்தான் மாறும், ஆக 100 கி.மீ.யில் தெரிந்தது 56 கி.மீ.யில் தெரியும், அவ்வளவுதான். 10 கி.மீ.க்கு இறக்க வேண்டுமானால் எதிரொளிப்பு 10,000-ல் ஒரு பங்காக வேண்டும். அது பெயின்ட் டப்பாவில் கிடைக்காது.

இப்போது வெப்பம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே இரண்டு தேவைகளும் மோதுகின்றன. வெப்பக் கேமரா பார்ப்பது 3 முதல் 5, அப்புறம் 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைகளை. அதில் மங்கலாகத் தெரிய வேண்டுமானால் பரப்பு வெப்பத்தைக் குறைவாக உமிழ வேண்டும், அதற்குச் சுலபமான வழி அலுமினியத் துகள் போன்ற உலோகம் கலந்த பூச்சு. ஆனால் உலோகம் ரேடாரைப் பளிச்சென்று திருப்பி அனுப்பிவிடுமே! இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, மெல்லிய உலோகப் படலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி இடைவெளி விட்டு மேலே ஒட்டுவது. மைக்ரான் அலைக்கு அது உலோகப் பரப்பு, சென்டிமீட்டர் அலைக்கோ கிட்டத்தட்ட இல்லாத மாதிரி, நேராகக் கடந்து அடியில் உள்ள உறிஞ்சும் அடுக்குக்குப் போய்விடும். ஐஐடி கான்பூரும் 2024-ல் 'அனாலக்ஷ்யா' என்ற, ரேடார் அலையை உறிஞ்சும் மெட்டாமெட்டீரியல் (இப்படி நுண்ணிய அமைப்புகளால் அலையைக் கட்டுப்படுத்தும் செயற்கைப் பொருள்) உறையை வெளியிட்டது.

அதே நேரம், அளவுக்கு மீறி மங்கலானாலும் மாட்டிக்கொள்வோம். வெயிலில் காய்ந்த மண்ணுக்கு நடுவே ஒரு டாங்க் மட்டும் குளிர்ச்சியாகத் தெரிந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். பிஏஇ என்ற பிரிட்டிஷ் ராணுவத் தளவாட நிறுவனம் 2011-ல் காட்டிய அடாப்டிவ் முறை அதனால்தான் பூச்சையே நம்பவில்லை, மின்சாரத்தால் சூடாகவும் குளிரவும் கூடிய அறுகோணத் தட்டுகளை வண்டியில் பதித்து, கேமராவுக்கு அதைச் சாதாரணக் கார் மாதிரிகூடக் காட்டினார்கள். விமானத்தில் இன்னொரு சிக்கல், பின்னால் வெளியேறும் சூடான புகைக்கு எந்தப் பெயின்டும் அடிக்க முடியாது, அமெரிக்காவின் பி-2 ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானத்தில் புகைவாயை இறக்கைக்கு மேல்பக்கம் வைத்திருப்பது கீழேயிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியக் கூடாது என்றுதான்.