நடுவில் ஏதாவது உண்டா?

நண்பர்களே, தர்க்கத்தில் தீராத கணக்குகள் நிறைய இருக்கின்றன. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'தீர்ந்தது' என்றால் என்ன என்பதையே அது கேள்வியாக்கிவிட்டது.

1, 2, 3 என்று போகும் எண்களுக்கு முடிவில்லை. தசம எண்களுக்கும் இல்லை. எது அதிகம்? 0-வுக்கும் 1-க்கும் இடையிலுள்ள எல்லாத் தசம எண்களையும் வரிசைப்படுத்திவிட்டதாக ஒருவர் பட்டியலை நீட்டுகிறார் என்று வையுங்கள். முதல் எண்ணில் முதல் இலக்கத்தையும், இரண்டாவதில் இரண்டாம் இலக்கத்தையும் பாருங்கள். இப்படியே போய், ஒவ்வோர் இடத்திலும் அங்கே இருப்பது 5 என்றால் 6, இல்லாவிட்டால் 5 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கிடைக்கும் எண் பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஓர் இலக்கத்திலாவது மாறுபடும்; அதனால் அந்தப் பட்டியலில் எங்கேயும் இருக்காது! இது கணிதவியலாளர் கேன்டரின் உத்தி. ஆக, தசம எண்களே அதிகம்; முடிவிலியிலும் சின்னது, பெரியது உண்டு.

சரி, இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் வேறோர் அளவு உண்டா? கிடையாது என்று 1878-இல் கேன்டர் ஊகித்தார். 1900-இல் கணிதவியலாளர் ஹில்பர்ட் முன்வைத்த தீராத கணக்குகளில் இதுதான் முதலாவது. கணங்கள், அதாவது பொருள்களின் தொகுப்புகள், பற்றியது கணக் கோட்பாடு. நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அதன் வழக்கமான அடிப்படைகளை, அதாவது அடிகோள்களை, வைத்து இதைப் பொய்யென்று நிறுவ முடியாது என்று தர்க்கவியலாளர் கோடல் காட்டினார். மெய்யென்றும் நிறுவ முடியாது என்று 1963-இல் பால் கோஹன் காட்டினார். அந்த அடிகோள்கள் தமக்குள் முரண்படாதவை என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தோடு சிலர் கடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிகோள் போதவில்லை என்றால் புதிதாகத் தேட வேண்டியதுதானே? கணிதவியலாளர் ஹியூ வுடின் தேடினார். முதலில் ஊகம் பொய் என்று வாதிட்டார். பின்னால் அவரே மெய் என்ற பக்கம் சாய்ந்தார். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு கட்சி மாற எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2021-இல் கணிதவியலாளர்கள் அஸ்பெரோவும் ஷிண்ட்லரும் வெளியிட்ட தேற்றம் மறுபடி பொய் பக்கம் எடையைக் கூட்டியது. தனித்தனியே முளைத்த இரண்டு அடிகோள்களில் ஒன்றிலிருந்தே மற்றது வந்துவிடுகிறது என்று நிறுவினார்கள். இரண்டின்படியும் நடுவில் சரியாக ஓர் அளவு உண்டு.

தர்க்கவியலாளர் ஜோயல் ஹாம்கின்ஸ் சொல்வது வேறு. கணங்களின் உலகம் ஒன்றல்ல, பல. சிலவற்றில் ஊகம் மெய், சிலவற்றில் பொய். அந்த விவரம் தெரிந்துவிட்டதால் விடையும் கிடைத்தாயிற்று என்கிறார். எனக்கு இதில் அரை மனதுதான். அத்தனை உலகங்களையும் எண்ணிப் பார்த்துச் சொல்கிறவர், அப்போது எந்த உலகில் நின்று பேசுகிறார்?