ஸ்லோ வண்டிதான் மாட்டுங்காவில் நிற்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் மாட்டுங்கா, சயன், தாராவிச் சொந்தங்களே, வணக்கம். 'நீண்ட அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு நீளம் பலமா, பாரமா?' பலமே என்று பேச வந்திருக்கிறேன்.

சற்று முன் டோம்பிவிலி அண்ணன் ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு போடு போட்டார். "அது நம் மும்பை ஸ்லோ லோக்கல் ரயில் மாதிரி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, புதிதாக ஏறியவனுக்குப் பழைய கதையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். எனக்கு ஃபாஸ்ட் வண்டிதான் வேண்டும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, ஒரு கேள்வி. இன்றைக்கு எப்படி வந்தீர்கள்? ஃபாஸ்ட் பிடித்து வந்ததாக நீங்களே சொன்னீர்கள். ஃபாஸ்ட் மாட்டுங்காவில் நிற்குமா? நிற்காது. சயனில்? அங்கேயும் நிற்காது. குர்லாவில் இறங்கி, கூட்டத்தோடு பாலம் ஏறி, ஸ்லோவுக்கு மாறித்தானே இந்த மேடைக்கு வந்தீர்கள்! பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடி சொல்கிறேன். ஃபாஸ்ட்டைப் புகழ்ந்து பேச வந்த அண்ணனை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது ஸ்லோ வண்டி.

பழைய கதையைத் திரும்பச் சொல்வது குறை என்கிறார். ஃபவுண்டேஷன் கதைகள் 1942 முதல் 1950 வரை ஒரு பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்தவை. நடுவில் வாங்கிப் படித்தவனும் வாசகன்தானே? அவனையும் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அப்படி நின்று நின்று போன வரிசைக்குத்தான் 1966ல், அதுவரை வந்த தொடர்களிலேயே சிறந்தது என்று அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' என்ற நீண்ட அறிவியல் புனைகதை நாவலை 20க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965ல் அதைப் போட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன பதிப்பகம். அதை இன்றும் படிக்கிறோம். சரி, நம் வீட்டுக்கே வருகிறேன். கல்கி மூன்று வருடத்துக்கு மேல் வாரம்தோறும் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். முடித்ததும் வாசகர்கள் என்ன சொன்னார்கள்? போதாது என்றார்கள்! அவர்களுக்குப் பதில் சொல்லவே தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது.

இப்போது என் அப்பா கதை. 1979. அப்பாவுக்கு ஃபோர்ட்டில் குமாஸ்தா வேலை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஃபவுண்டேஷன் முதல் புத்தகமும் மூன்றாவதும் கிடைத்தன. இரண்டாவது இல்லை. மூன்றாவதைப் பிரித்தால் முதல் கதையிலேயே 'மியூல்' என்று ஒருவன் அண்டத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறான். யார் இவன்? எப்போது வந்தான்? அப்பா மேலே படிக்காமல் மூடிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்லோவில் தினமும் கூட வரும் நண்பர்களிடம் கேட்டார். ஒருவர் "மியூல் என்றால் கோவேறு கழுதை" என்றார். "கழுதை எப்படி அண்டத்தைப் பிடிக்கும்?" என்று இன்னொருவர். பைகுல்லா வரை இதே விவாதம். அடுத்த நாளும் இதே. அந்தப் பெட்டியில் ஒருவரும் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை, ஆனால் எல்லோருக்கும் அந்தக் கழுதையைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். 11 மாதம், நடுவர் அவர்களே! 11 மாதம் கழித்து ஒரு மாலை, கடைக்காரர் அப்பாவைத் தூரத்தில் பார்த்ததுமே சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார், இரண்டாவது புத்தகம். அட்டை பாதி இல்லை. அப்பா அன்றிரவு சாப்பிட உட்காரவில்லை என்று அம்மா இன்றும் சொல்வாள். மியூல் யார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டிக்காரர்களுக்கு அப்பா ஒரு வாரம், தாதருக்கும் வி.டி. ஸ்டேஷனுக்கும் நடுவே, பகுதி பகுதியாகச் சொன்னார். அவரும் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை, பார்த்தீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிடம்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. மறதி. நேற்று வாசித்தது இன்று நினைவில் இருக்காது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அதே புத்தகங்களை நான் அவருக்கு வாசிக்கிறேன். வேகமாக ஓடும் அத்தியாயங்களில் என் முகத்தையே பார்ப்பார். "இவன் யாரும்மா?" என்பார். மூன்றாவது புத்தகத்தில் ஆர்க்கேடி என்று 14 வயதுப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடக் கட்டுரையை ஒரு எந்திரத்திடம் சொல்லிச் சொல்லி எழுதுவாள். சாம்ராஜ்யம் விழப்போவது, 30,000 ஆண்டு இருட்டை 1,000 ஆண்டாகக் குறைக்க கணித மேதை செல்டன் போட்ட திட்டம், மியூல் வந்து அதைக் கலைத்தது, எல்லாம் அதில் வரும். அண்ணன் அலுத்துக்கொண்டாரே பழைய கதை, அதேதான்.

அந்தப் பக்கம் வந்தால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார். படிப்பது நான், ஆனாலும் கண்ணாடி வேண்டும். போன வாரம் முடிந்ததும் என் கையைத் தட்டிச் சொன்னார்: "இந்தப் பொண்ணு நல்லா சொல்லுது. இப்ப எல்லாம் புரியுது. மறுபடி ஒருதடவை படி."

படித்தேன், அண்ணே. அன்றிரவு மூன்று தடவை படித்தேன். இன்றைக்கும் அந்த இடம்தான். எட்டரை ஆகிவிட்டது, அப்பா கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பார். வணக்கம்.