கண் மஞ்சளாகும் வரை காத்திருக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சவாரிக் குதிரைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். லாயத்தில் வேலை பார்க்கும் அண்ணன்மார் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், குதிரையின் ஈரல் நோய் பற்றிய இந்தப் பேச்சு முதலில் உங்களுக்குத்தான்.

ஈரல் கோளாறு என்றதும் எல்லாரும் குதிரையின் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள். அது இரண்டு விதமாக ஏமாற்றும். வயிற்றுவலியால் இரண்டு நாள் தீனி எடுக்காத குதிரைக்கு, ஈரல் நன்றாக இருந்தாலும் கண் மஞ்சளிக்கும். நாள்பட்ட ஈரல் நோயிலோ மஞ்சள் தெரியாமலே போகலாம். ஈரலில் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் குதிரை நோயை வெளியே காட்டும். அதனால் காரணமில்லாமல் மெலிந்தாலே, சோர்ந்தாலே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நெற்றியிலும் காலிலும் வெள்ளையாக உள்ள தோல் மட்டும் வெந்து உரிகிறதா? புல்லின் பச்சையத்திலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒரு பொருளை ஈரலால் வெளியேற்ற முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அது தோலில் தங்கி, வெயில் பட்டதும் சுட்டுவிடுகிறது. அடிக்கடி கொட்டாவி, சுவரில் தலையை அழுத்தி நிற்பது, வட்டமாகச் சுற்றுவது இதெல்லாம் ஈரல் நீக்காமல் விட்ட நச்சு மூளையைத் தாக்கிவிட்டதன் அடையாளம். அப்போது பழகிய குதிரை என்று நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள்.

காரணங்கள் பல உண்டு: பாக்டீரியாக் கிருமி, பித்தக்குழாயில் கல், சில வைரஸ்கள். நம் ஊரில் நான் முதலில் பார்ப்பது தீனி மூட்டையைத்தான். அடிவரை கையை விட்டு மக்காச்சோளத்தை அள்ளுங்கள். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு பூசண வாடை அடித்தால் அதைப் போடவே கூடாது. அந்தப் பூஞ்சை விடும் அஃப்லாடாக்சின், வெயிலில் காயவைத்தாலும் போகாது. இன்னொன்று கிலுகிலுப்பைச் செடி. பச்சையாக இருக்கும்போது குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு குறையாது. தின்று மாதக்கணக்கான பிறகுகூட நோய் வெளிப்படும்.

ரத்தத்தில் ஜிஜிடி என்ற ஈரல் நொதியையும் பித்த அமிலத்தையும் பார்ப்போம். அப்புறம் ஸ்கேன். தேவைப்பட்டால் ஊசியால் ஈரலில் சிறு துண்டு எடுப்போம். ரத்தம் உறைகிறதா என்று சோதித்த பிறகே அதைச் செய்யலாம்.

சிகிச்சையில் முதல் வேலை, காரணத்தை நிறுத்துவது. பாக்டீரியா என்றால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். நிழலில் கட்டி, எளிதில் செரிக்கும் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். கொழுத்த மட்டக்குதிரையை இளைக்க வைப்பதற்காகப் பட்டினி போடவே போடாதீர்கள். உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே பால் போல வெள்ளையாக நிற்கும். அந்த நிலையில் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

மருத்துவரை அழைக்கும் அன்று பழைய தீனி மூட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குதிரையோடு அதையும் நாங்கள் பார்க்க வேண்டும்.