வால்வு எந்த வழியாக ஒழுகுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீர், எண்ணெய், நீராவி, ரசாயனம் என்று ஆலைக் குழாயில் எது ஓடினாலும் வழியில் வால்வு இருக்கும். வால்வு என்று இருந்தால் என்றைக்காவது ஒழுகும். ஒழுகியதும் பலர் செய்வது, ஸ்பேனரை எடுத்துக் கைக்கு எட்டிய நட்டை முறுக்குவது. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று, எந்த வழியாக ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்தில், அதாவது கிளாண்டில் ஒழுகலாம். வால்வின் உடலான பாடியும் அதன் மேல்மூடியான பானெட்டும் சேரும் இடத்திலோ, குழாயோடு போல்ட் போட்டுச் சேரும் விளிம்பான ஃபிளாஞ்சிலோ, நடுவில் அடைப்புக்கு வைக்கும் கேஸ்கெட் வழியாக ஒழுகலாம். இன்னொன்று வெளியில் தெரியாது: வால்வை மூடிய பிறகும், அடைப்பான் வந்து உட்காரும் சீட் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருப்பது. வால்வு 'பாஸ் ஆகிறது' என்கிறோமே, அது.

சொட்டும் இடத்தை நம்பிவிடாதீர்கள். கிளாண்டில் கசிந்தது பாடி மேல் வழிந்து ஃபிளாஞ்சில் சொட்டும். நாமும் பாவம் அந்த ஃபிளாஞ்சைப் போட்டு இறுக்குவோம். சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். காற்று, வாயு என்றால் சோப்பு நீர். அழுத்தமான நீராவி லைனில் மட்டும் கையை நீட்டித் தேடவே கூடாது. அதிசூடான நீராவி பீறிடும் இடத்தில் கண்ணுக்கே தெரியாது. சற்றுத் தள்ளிப் போய்த்தான் வெண்புகையாகும்.

கிளாண்டுக்கு வருவோம். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கிளாண்ட் சாய்ந்து ஸ்பிண்டிலை உரசும். கசிவு நின்றதும் நிறுத்திவிட்டு, ஸ்பிண்டில் லேசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். கிளாண்ட் அடிவரை இறங்கிவிட்டது, இனி இறுக்க இடமில்லை என்றால் பேக்கிங்கை, அதாவது ஸ்பிண்டிலைச் சுற்றிக் கிளாண்ட் அழுத்திப் பிடிக்கும் அடைப்பு ரிங்குகளை, மாற்றும் நேரம் வந்துவிட்டது. லைனைத் தனிமைப்படுத்தி, பூட்டி, அழுத்தத்தை இறக்கி, பெர்மிட் வாங்கிய பிறகுதான் அந்த வேலை.

பழைய பேக்கிங்கின் மேலேயே இரண்டு ரிங்கைத் திணித்துவிட்டு வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது வைத்தியமே இல்லை. அடியில் காய்ந்து கல்லாகிக் கிடப்பது எல்லாம் வெளியே வர வேண்டும். ஸ்பிண்டிலில் கீறல், துரு, வளைவு இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். கீறிய ஸ்பிண்டில் எந்தப் பேக்கிங்கையும் தின்றுவிடும். புது ரிங்குகளின் வெட்டுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வராமல் விலக்கி, ஒவ்வொன்றாக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பேக்கிங் வகையும் முக்கியம். டெஃப்லான் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேலே சூடான நீராவி என்றால் கிராஃபைட்தான்.

கேஸ்கெட் கதை சுருக்கம். போல்ட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்குங்கள். கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். விலகி நிற்கும் குழாயைப் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள்.

பாஸ் ஆவதுதான் பெரிய தலைவலி. மூடிய வால்வு பாஸ் ஆனால் வீலில் கம்பியைப் போட்டு நெம்பத் தோன்றும். சீட்டில் வெல்டிங் துணுக்கோ மணலோ சிக்கியிருந்தால், அந்த நெம்பலில் அது சீட்டிலேயே பள்ளம் பறித்துவிடும். இடம் கொடுத்தால் வால்வை லேசாகத் திறந்து, ஓட்டத்திலேயே அழுக்கை அடித்துக்கொண்டு போகவிட்டு, மறுபடி மூடிப் பாருங்கள். மோட்டாரோ காற்றோ இயக்கும் வால்வு என்றால் ஒருமுறை அந்த இயக்கும் கருவியான ஆக்சுவேட்டரையும் சந்தேகப்படுங்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்ற லிமிட்டைச் சரியாக வைக்காததால் முழுதாக மூடாமலே 'மூடியாச்சு' என்று விளக்கு எரியும். நல்ல சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அசடு வழிவது இந்த இடத்தில்தான்.

நிஜமாகவே பாஸ் ஆகிறதா என்று தெரிய, சூடான லைனில் வால்வுக்கு அந்தப் பக்கக் குழாயின் வெப்பத்தை அளக்கலாம். ஆறவே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். அல்ட்ராசானிக் கருவி இருந்தால் உள்ளே சீறும் சத்தமே சொல்லிவிடும். அப்புறம், எல்லா வால்வும் சொட்டுகூட விடாமல் அடைக்கச் செய்யப்பட்டவை அல்ல. கசிவு அளவுப்படி கிளாஸ் 4 என்று வகைப்படுத்திய, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வு, முழுதாகத் திறந்தால் விடும் அளவில் 0.01 சதவீதம் வரை சீட் வழியே விடலாம் என்று அதன் தரநிலையே அனுமதிக்கிறது. அதைப் பழுது என்று கழற்றினால் வீண் வேலை.

ஒரே இடத்தில் வால்வு மாற்றி மாற்றிக் கெட்டுப்போனால், வால்வை விட்டுவிட்டு அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். தகடு இறங்கி வழியை அடைக்கும் கேட் வால்வை அரைகுறையாகத் திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைப்பார்கள். அது முழுதாகத் திறக்கவோ முழுதாக மூடவோ மட்டும் ஏற்பட்டது. இடுக்கில் வேகமாகப் பாயும் திரவம் சீட்டை அரித்துக் கோடு போட்டுவிடும்; அடுத்த வால்வுக்கும் அதே கதிதான். அந்த இடத்துக்கு, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்ற குளோப் வால்வோ கன்ட்ரோல் வால்வோ கேளுங்கள். குளோப் வால்வு என்றால், பாடியில் உள்ள அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போல்ட்டை மாட்டுங்கள். வணக்கம்.